தோளுக்கேற்ற துவக்கு

கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை ஒரு பெண் தன் சம்பாத்தியத்தில் வாங்குகிறாள். அது சரியா? இப்படிக் கேட்டதும் இரண்டு பதில்கள் தயாராக வந்து நிற்கின்றன. ஆயுதம் இத்தனை காலம் ஆணின் கையில் இருந்தது, இப்போது பெண்ணின் கைக்கு வருகிறது, ஆகவே இது விடுதலை என்பது ஒன்று. ஆயுதம் ஆண்மையின் மொழி, உயிரைச் சுமப்பவள் உயிரை எடுக்கலாகாது, ஆகவே இது வீழ்ச்சி என்பது மற்றது. முதல் பதிலைத் துப்பாக்கிக் கம்பெனிகள் பெண்களுக்கான விளம்பரங்களில் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. இரண்டாவதை நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள், பெண்ணியவாதிகள் சிலரும் சொல்வார்கள். இரண்டு பதில்களும் அவள் கையில் இருப்பதை மட்டும்தான் பார்க்கின்றன. அது எந்தத் துப்பாக்கி, யார் செய்தது, அவள் எதற்காக வாங்கினாள், வாங்கிய பிறகு அதை என்ன செய்தாள் என்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வாங்கியவள் என் தோழி. என்னைவிட நான்கு வயது இளையவள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1995ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருத்தி. இப்போது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் தாதியாக வேலை பார்க்கிறாள். கவிதைதான் எங்களை அறிமுகப்படுத்தியது. ஓர் இலையுதிர்காலம் முழுவதும் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் வாங்கியது பழைய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்டைத் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டிய வகை. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாது. அவள் அதைத் துவக்கு என்றுதான் சொல்வாள். துருக்கிய வேர் கொண்ட சொல் நம்மிடம் துப்பாக்கி என்றும் அவர்களிடம் துவக்கு என்றும் ஆகியிருக்கிறது. தொடங்குவது என்ற பொருளும் அந்த ஒலிக்குள் இருப்பதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. “எங்கட சனத்துக்கு எல்லாமே அதிலதான் துவங்கினது, அதிலதான் முடிஞ்சது” என்றாள்.

சிறு வயதில் அவள் பார்த்த துவக்குகள் எல்லாம் பிறர் கையில் இருந்தவை. சீருடைகள் மாறின, துவக்கு வாசலுக்கு வருவது மாறவில்லை. அப்படிப்பட்டவள் ஏன் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள் என்று அவளுடைய உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவள் பதில் நீளமானதில்லை. “இறைச்சி தின்னுறன் அக்கா. ஆரோ கொல்லினம், நான் தின்னுறன். ஒருக்காலாவது நானே செய்துபோட்டு, பிறகு தின்னுறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்க வேணும்.”

கனடாவில் நீள்குழல் துப்பாக்கி வாங்குவதற்கு முதலில் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். இருவர் சான்று தர வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு பகுதி, சேர்ந்து வாழும் துணையின் கையெழுத்தையும், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்துபோன துணை இருந்தால் அவருடைய கையெழுத்தையும் கேட்கிறது. அது அனுமதிக் கையெழுத்து அல்ல. போட மறுத்தால், இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று அவருக்கு அரசே தெரிவிக்கும். தெரிந்தவர் தன் அச்சத்தைச் சொல்லலாம்.

இந்த நாட்டின் துப்பாக்கிச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது. 1989 டிசம்பர் 6. மொன்றியல் நகரின் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் ஒருவன் வகுப்பறைக்குள் நுழைந்து, ஆண்களைத் தனியே வெளியேற்றி, பெண்ணியவாதிகளை வெறுப்பதாகச் சொல்லிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவன் கையில் இருந்தது சட்டப்படி வாங்கிய, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அந்தக் கல்லூரியில் அன்று மாணவியாக இருந்து உயிர்பிழைத்த ஹெய்டி ரத்யென், பேராசிரியர் வெண்டி சூக்கியரோடு சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான கூட்டமைப்பைக் கட்டினார். 1995இல் வந்த துப்பாக்கிச் சட்டத்துக்கு அவர்களைப் போன்ற பெண்களின் உழைப்பு முக்கியக் காரணம். துணைக்குத் தெரியாமல் வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்ற எண்ணத்தில், முகமறியாத திருடனைவிட வீட்டிலிருக்கும் ஆணிடமே பெண்ணுக்கு ஆபத்து அதிகம் என்ற பெண்களின் பட்டறிவு இருக்கிறது.

ஆனால் விண்ணப்பிப்பவள் பெண் என்றால் அதே பகுதி வேறுவிதமாக வேலை செய்கிறது. மனைவியைக் கணவனின் துப்பாக்கியிலிருந்து காப்பாற்ற எழுதப்பட்ட வரி, மனைவி கணவனிடம் தாளை நீட்டி நிற்கும் காட்சியாகிவிடுகிறது. “உவர் கையெழுத்துப் போட ரெண்டு கிழமை எடுத்தவர் அக்கா. எதுக்கு உனக்கு உது எண்டு கேட்டவர். கிரைண்டர் வாங்கேக்க நீங்கள் கேக்கேல்லைத்தானே எண்டு சொன்னன்.” சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த வரியை எடுத்துவிட வேண்டுமா என்று நான் கேட்டபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்றாள். மருத்துவமனையின் இரவுப் பணியில் அவள் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். நூறு பெண்களுக்குக் கவசமாக இருக்கும் வரி தன் ஒருத்திக்கு எரிச்சலூட்டுகிறது என்பதற்காக அதை நீக்கச் சொல்ல முடியாது என்பது அவள் கணக்கு. ‘என் உரிமை’ என்று மட்டும் பேசுகிற துப்பாக்கி விளம்பரப் பெண்ணுக்கும் என் தோழிக்கும் இடையிலான தூரம் எனக்கு அங்கேதான் முதலில் தெரிந்தது.

துப்பாக்கிக் கடையில் புதியவை கண்ணாடிக்குள் பளபளத்தன. பழையவை சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அவள் எடுத்தது 350 டாலர். இடதுபுற இரும்பில் லாங் பிராஞ்ச் என்ற பெயரும் 1943 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. போர்முனைக்கென்று செய்யப்பட்டபோது குழலின் முனைவரைக்கும் மரம் மூடியிருந்திருக்கும். போருக்குப் பிறகு யாரோ ஒருவர் முன்மரத்தை அறுத்து, மேல்மரத்தைக் கழற்றி எறிந்து, காட்டுக்குத் தூக்கிப் போவதற்கு இலகுவாக்கியிருக்கிறார். கனடாவில் அப்படி அறுக்கப்பட்ட லீ-என்ஃபீல்டுகள் ஏராளம். ராணுவம் மலிவாகக் கழித்துவிட்டவற்றை வாங்கி ஏழை விவசாயிகளும் மரம்வெட்டிகளும் மானடித்துத் தின்றார்கள். சேகரிப்பாளர்களுக்கு இந்த அறுப்பு வயிற்றெரிச்சல். முழுமை குலைந்த பொருள் என்று விலையைக் குறைத்துவிடுவார்கள். அதனால்தான் என் தோழியின் கைக்கு எட்டியது.

டொராண்டோவுக்கு மேற்கே, ஏரிக்கரையில் இருந்தது லாங் பிராஞ்ச் ஆலை. 1940இல் தொடங்கி, போர் முடிவதற்குள் ஒன்பது லட்சம் துப்பாக்கிகள் அளவுக்குச் செய்து தள்ளியது. போரின் உச்சத்தில் அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். துளையிட்டவர்கள், அளந்தவர்கள், கண்ணை இடுக்கிக் குழலைச் சோதித்தவர்கள் அவர்கள். அதே டொராண்டோவில் ஜான் இங்கிலிஸ் ஆலையில் பிரென் இயந்திரத் துப்பாக்கி செய்த வெரோனிகா ஃபாஸ்டர் என்ற இளம்பெண்ணின் படத்தை 1941இல் அரசு தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் ‘ரோஸி’ பிரபலமாவதற்கு முன்பே வந்த முகம் அது. போர் முடிந்ததும் திரும்பி வந்த ஆண்களுக்கு வேலை வேண்டும் என்று பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லாங் பிராஞ்ச் ஆலையில் துப்பாக்கிகளைச் சோதித்த கட்டடம் மட்டும் மிஞ்சி, இன்று கலை அரங்கமாக இருக்கிறது. ஆக, இந்தத் துவக்கு பெண்ணின் கைக்குப் புதிதாக வரவில்லை. பெண்ணின் கையிலிருந்து புறப்பட்டதுதான். செய்வதற்குப் பெண் வேண்டும், வைத்துக்கொள்வதற்கு வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

இந்த வரலாற்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் இதே லீ-என்ஃபீல்ட் குடும்பத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 50 சிப்பாய்கள் 1,650 தோட்டாக்களைச் சுட்டது இந்தக் குடும்பத்தின் முந்தைய தலைமுறைத் துப்பாக்கியால்தான். தோட்டாவும் இதே .303தான். கடையில் அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்த எண்தான் நினைவில் ஓடியது. ஒரு கருவி தன் வரலாற்றைச் சுமக்குமா? அதை வாங்குகிறவர் அந்த வரலாற்றுக்குப் பொறுப்பாளியா?

அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் வெட்டுகிறது, கருக்கறுக்கிறது, சாதியின் பெயரால் மனிதரையும் வெட்டுகிறது. அரிவாளைக் குற்றவாளி என்று நாம் சொல்வதில்லை, அதற்கு வேறு வேலைகள் உண்டு என்பதால். துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் வேலை ஒன்றுதான். ஆகவே கருவியில் குற்றமில்லை, கையில்தான் குற்றம் என்ற பழைய வாதம் இங்கே போதாது. அதே சமயம் பஞ்சாபில் விழுந்த உயிர்களுக்கு, 1943இல் கனடாவில் செய்யப்பட்ட ஓர் இரும்பை இன்று வாங்கும் ஈழத்துப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதும் அபத்தம். என் எண்ணம் இது: பழைய பொருளை வாங்குகிறவருக்குப் பழைய குற்றம் வந்து சேராது. ஆனால் தெரிந்துகொள்ளும் கடமை வந்து சேரும். தன் கையில் இருப்பது என்னவெல்லாம் செய்ய வல்லது என்பதை, அது செய்து முடித்தவற்றிலிருந்து அறிந்திருக்க வேண்டும். அறியாதவர் கையில்தான் அது மறுபடியும் அதையே செய்யும்.

வாங்கியதை அப்படியே தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக முடியாது. முதலில் பாதுகாப்பு. போல்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தன. பிறகு, பூட்டிய போல்டுக்கும் தோட்டாவின் பின்புறத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுகோல் கொண்டு சோதித்தார்கள். அது கூடிவிட்டால் பித்தளைக் கூடு கிழிந்து, வெடிவாயு சுடுகிறவரின் முகத்துக்கே திரும்பலாம். இந்த மாடலில் போல்டின் தலையைத் தனியாகக் கழற்றலாம். 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் தலைகள் செய்திருக்கிறார்கள். தேய்மானம் கூடக்கூட அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இவளுடையதில் 1 இருந்தது, பழுதுபார்ப்பவர் 2 போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது பின்கட்டை. தோளில் அழுந்தும் மரம். அவள் ஐந்தடி ஒரு அங்குலம். தோளில் வைத்தால் விசை எட்டவில்லை. விசை எட்டினால் கன்னம் சரியான இடத்தில் உட்காரவில்லை. துப்பாக்கிகளின் பின்கட்டை நீளம் பெரும்பாலும் நடுத்தர உயரமுள்ள ஆணை மனத்தில் வைத்துச் செய்யப்படுவது. ஆணுக்கு அளந்த பொருளுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு, வலித்தால் தன் உடம்பில்தான் குறை என்று நினைப்பது நமக்குப் பழகிப்போனது. வகுப்பறை மேடையில் உள்ள உயரமான சாய்மேசைக்குப் பின்னால் நின்று பேசும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும். அவள் மரத்தை அறுத்துவிடலாமா என்று யோசித்தாள். தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தத் துப்பாக்கிக்கு நான்கு நீளங்களில் பின்கட்டை வைத்திருந்தது. நெடியது, நடுத்தரம், குறுகியது, அதற்கும் குறுகியதாகப் ‘பேண்டம்’. பேண்டம் என்பது ஒரு குட்டைக் கோழி இனத்தின் பெயர். முதல் உலகப்போரில் ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் குறைந்த ஆண்களைச் சேர்த்து அமைத்த படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர். ஆள் தேவைப்பட்டபோது அளவுகோல் வளைந்திருக்கிறது. குள்ளமான ஆணுக்காகச் செய்த மரம் ஒன்றை அவள் தேடி வாங்கினாள். பின்தகட்டின் சிறு மூடியைத் திறந்து, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு, தானே மாற்றிக்கொண்டாள். தோளில் வைத்தபோது கன்னம், கண், துளை, முள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் வந்தன. கோளாறு அவள் உடம்பில் இல்லை, மரத்தின் நீளத்தில்தான் இருந்தது. இதை நம்புவதற்கு நமக்கு எத்தனை காலம் பிடிக்கிறது.

பிறகு குறி நேர்செய்தல். பின்னால் உள்ள துளைத்தகட்டின் குறைந்தபட்ச அளவே 300 கஜத்துக்கானது. போர்முனையின் தூரம் அது. காட்டில் மான் நிற்கும் தூரத்தில் குண்டு மேலே போகும். 100 கஜத்தில் வைத்த தாளில் அவளுடைய முதல் மூன்று குண்டுகளும் ஒரு சாண் உயரத்தில் விழுந்தன. முன்முள்ளை உயரமானதாக மாற்றினால் குண்டு தாழும். மாற்றி, மூன்று சுட்டு, பார்த்து, பக்கவாட்டில் மயிரிழை தட்டி, மறுபடி மூன்று. இரண்டு சனிக்கிழமைகள் இதிலேயே போயின. உள்ளங்கை அகலத்துக்குள் மூன்றும் விழும்வரை விடவில்லை. அதற்குப் பிறகும் 75 கஜத்துக்கு அப்பால் நிற்கும் எதையும் சுடுவதில்லை என்று முடிவெடுத்தாள். துப்பாக்கியால் முடியும், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்பது காரணம். திறமை இங்கே பெருமைக்குரிய விஷயமாக இல்லை, அறத்தின் பகுதியாக இருந்தது. குறி தவறினால் அந்த வலி மானுக்கு.

தோட்டா வாங்கும்போது ஒரு முரண்பாட்டை எதிர்கொண்டோம். வேட்டைக்கு முனை மென்மையான குண்டுதான் வேண்டும். உடலுக்குள் நுழைந்ததும் விரிந்து, பெரிய காயம் உண்டாக்கி, விலங்கைச் சீக்கிரம் சாகவைக்கும். இந்த .303 துப்பாக்கிகளுக்கு விரியும் குண்டை உருவாக்கிய இடங்களில் முதன்மையானது கல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலை. 1890களில். 1899இல் ஹேக் மாநாடு போரில் அத்தகைய குண்டுகளைத் தடைசெய்தபோது பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா எதிர்த்தார். நாகரிக நாட்டுச் சிப்பாய் ஒரு குண்டில் காயப்பட்டால் நின்றுவிடுவான், ‘காட்டுமிராண்டி’ நிற்க மாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். விலங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் நம்மை நிறுத்தி, விலங்கின் பக்கமாகத் தள்ளிய வாதம். மனிதருக்குக் கொடுமை என்று தடைசெய்யப்பட்ட அதே குண்டு விலங்குக்குக் கருணை என்று பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டுமே சரிதான். போரில் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது, அவன் பிழைத்துக்கொள்ளலாம். வேட்டையில் மான் பிழைப்பதற்கு வழி வைப்பதில்லை, ஆகவே இழுத்துக்கொண்டு சாகவிடாதிருப்பதே மிஞ்சியிருக்கும் கடமை. கருணை என்ற சொல் இவ்வளவு குறுகிய இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

நானும் மூன்று முறை சுட்டேன். உரிமம் உள்ள அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, அங்கே அது அனுமதிக்கப்பட்டது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். தோளில் விழுந்த அடி, காதுக்குள் நின்ற அதிர்வு, தூரத்துத் தாளில் நான் நினைத்த இடத்தில் தோன்றிய ஓட்டை. ஒரு விரலசைவு அங்கே போய் ஒன்றைச் செய்கிறது. சிமோன் வெய்ல், 1940இல் வெளிவரத் தொடங்கிய ‘இலியட்’ பற்றிய கட்டுரையில், வன்விசை அதற்கு ஆட்படுகிறவரைப் பொருளாக மாற்றிவிடும், அதை வைத்திருப்பவரையும் போதையேற்றிக் குருடாக்கும் என்று வாதிடுகிறார். அந்தப் போதைக்குப் பால் கிடையாது. பெண் கையில் இருப்பதால் ஆயுதம் சாந்தமாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் உடம்பிலும் அது ஏறும். ஏறும் என்று தெரிந்திருப்பதுதான் நமக்கு இருக்கிற பாதுகாப்பு. அதனால்தான் வீட்டில் துவக்கு எப்போதும் தோட்டா இன்றி, விசைப்பூட்டோடு, பூட்டிய அலமாரியில் இருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள். சட்டம் கேட்பதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே அவள் செய்திருக்கிறாள்.

இனி, கொலை. 1966இல் சிகாகோவில் ‘வேட்டைக்காரனான மனிதன்’ என்ற தலைப்பில் மானுடவியலாளர்கள் ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள். மனிதகுலத்தை மனிதகுலமாக்கியது ஆணின் வேட்டைதான் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது. சாலி ஸ்லோகம் போன்ற பெண் ஆய்வாளர்கள் அதை மறுத்து, பெண்களின் சேகரிப்பு எங்கே போயிற்று என்று கேட்டார்கள். பிறகு வேட்டையாடும் பெண்களே கண்ணில் பட்டார்கள். பிலிப்பைன்ஸின் ஆக்தா பெண்கள் வில்லும் நாயுமாக வேட்டைக்குப் போகிறவர்கள். பெரு நாட்டின் மலைப்பகுதியில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர் ஓர் இளம்பெண் என்று 2020இல் ஆய்வு வெளியானது. இவை மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் பெண்ணால் முடியும் என்பது, பெண் செய்யலாமா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. ஆணால் முடிந்தது என்பதும் ஆகவில்லையே.

நம் இலக்கியத்தில் வேட்டை ஏராளம். குறிஞ்சிப் பெண் தினைப்புனத்தில் கவணும் தட்டையும் வைத்துக் கிளி ஓட்டுகிறாள். வில் அவளிடம் இல்லை. தலைவன் வந்து, அம்பு பட்ட மான் இந்த வழியாக வந்ததா, யானை வந்ததா என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று இதற்குத் துறைப்பெயரே உண்டு. அவன் கேட்பது மானுக்காக இல்லை, பேச்சுக்கு ஒரு சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இருபது ஆண்டுகளாக இதை நயம்படப் பாடம் சொல்லியிருக்கிறேன். குறி நேர்செய்த அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பிறகு என் மனம் கேட்பது வேறு: சாக்காகவே இருந்தாலும், அம்போடு ஓடிய மான் என்று ஒன்றைக் கற்பனை செய்கிறோமே, அது எங்கே போய் விழுந்தது? அதைத் தேடிப் போகிற துறை ஒன்றும் இல்லை.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் ஒரு பெண்ணின் கைக்கு வில் வருகிறது. எயினர் குலத்துக் குமரியைக் கொற்றவையாக ஒப்பனை செய்து, பன்றிக்கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி அணிவித்து, வில்லைக் கையில் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். அது வழிபாட்டு நேரத்துக்கு மட்டும். தெய்வத்துக்குக் கொடுத்ததை நாம் பெண்ணுக்குக் கொடுத்ததாகப் பெருமை பேசுகிறோம். காளியின் கையில் எத்தனை ஆயுதங்கள் என்று எண்ணுகிற ஊரில், பெண்ணின் கையில் அரிவாள்மணையைத் தாண்டி எதைப் பார்த்திருக்கிறோம்?

அந்த அரிவாள்மணையைக் கொஞ்சம் கவனிப்போம். பெண் கொல்வதில்லை என்பதே ஒரு கட்டுக்கதை. உயிரோடு அசையும் நண்டின் கால்களை ஒவ்வொன்றாக ஒடித்துச் சட்டியில் போடுவது யார்? துடிக்கும் விரால்மீனைச் சாம்பல் தொட்டு உரசிச் செதிலெடுப்பது யார்? அதற்குப் பெயர் கொலை இல்லை, சமையல். ஆண் காட்டில் செய்தால் வீரம். பெண் புறக்கடையில் செய்தால் கழுவித் துடைக்க வேண்டிய வேலை. வேட்டைக்குப் பரணி பாட ஆள் உண்டு. நண்டுக்குக் கிடையாது.

இன்னொரு பக்கம், கொல்லாமலே உண்பவர்களின் தூய்மை. புலால் மறுத்தலில் வள்ளுவர் வைக்கும் வாதங்களில் ஒன்று, வாங்குகிறவர் இருப்பதால்தான் விற்கிறவர் இருக்கிறார் என்பது. பொறுப்பு கத்தி பிடித்தவரோடு முடிந்துவிடுவதில்லை. நம் சமூகமோ நேர்மாறாகச் செய்தது. அறுப்பதையும் உரிப்பதையும் தோல் பதனிடுவதையும் சில சாதிகளின் மேல் சுமத்தி, செருப்பையும் மேளத்தையும் வாங்கிக்கொண்டு, செய்தவர்களைத் தீட்டு என்று ஒதுக்கியது. கொலையின் பயன் ஒருவருக்கு, கறை இன்னொருவருக்கு. இன்றைய நகரத்தில் அதையே குளிர்பதனப் பெட்டியும் ஞெகிழித் தாளும் செய்கின்றன. ஆகவே ‘நான் கொன்றதில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அது கருணையா, அல்லது வேறொருவரைக் கொல்லவைக்கும் வசதியா என்று நான் இப்போது கேட்கிறேன். மரக்கறி மட்டும் உண்பதாலேயே மேலானவர் என்று யாரையும் ஏற்கும் மனம் எனக்கு இல்லை. கொல்பவரைக் கீழாக வைத்துவிட்டுக் கறி உண்பவரை ஏற்கும் மனமும் இல்லை.

நவம்பரில் அவள் காட்டுக்குப் போனாள். சட்டம் கேட்கும் ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும். உடன் வேலை பார்க்கும் அனிஷினாபே பெண் ஒருவர் துணை. அந்தக் காடு அவர்களுடையது. 1850இல் ராபின்சன் ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது அவர்களுடைய வேட்டை உரிமை காக்கப்படும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதைக் காப்பாற்ற இன்றுவரை போராட வேண்டியிருக்கிறது. தன் மண்ணை இழந்து வந்த ஒருத்தி, மண்ணை இழந்த இன்னொருவரின் காட்டில் நிற்கிறாள் என்பதையும் என் தோழி அறிந்துதான் நின்றாள். மூன்று நாட்கள் ஒன்றும் கிட்ட வரவில்லை. இரண்டாம் நாள் வந்த ஒன்று தூரத்தில் நின்றது, சுடவில்லை. நான்காம் நாள் காலையில் அறுபது அடித் தூரத்தில் இளம் ஆண்மான் ஒன்று. ஒரே குண்டு. நாற்பது அடி ஓடி விழுந்தது. அந்தப் பெண் மண்ணில் கொஞ்சம் புகையிலை வைத்து நன்றி சொன்னார். பிறகு குடலெடுக்கக் கற்றுக்கொடுத்தார்.

நான் காட்டுக்குப் போகவில்லை. கார்க் கொட்டகையில் இறைச்சியைத் துண்டுபோட்டுப் பொதிகட்ட உதவினேன். அவள் அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: “அது என்னைப் பாத்தது அக்கா. நானும் பாத்தனான். பாக்காமல் சுடேலாது.” அன்றிரவு யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுச் சமைத்தோம். அவளுடைய மகன் சாப்பிடவில்லை, அவள் வற்புறுத்தவில்லை. நான் சாப்பிட்டேன். வேறெந்த இறைச்சியையும்விட மெதுவாக.

அவள் செய்தது சரியா என்றால், மானின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சரி என்று சொல்ல வழியே இல்லை. பொறுப்போடு கொல்லப்பட்டதால் அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை எந்த வாதத்தாலும் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. ஆனால் அவள் செய்த மற்றவற்றை நான் எடை போடுகிறேன். தன்னைக் கண்காணிக்கும் சட்டத்தை ஏற்றாள். கருவியின் வரலாற்றைக் கேட்டறிந்தாள். அதைத் தன் உடலுக்குப் பொருத்தினாள். தன்னால் இயலும் தூரத்துக்கு எல்லை வைத்தாள். பூட்டினாள். கண்ணைப் பார்த்துச் செய்தாள், செய்ததை இன்னொருவர் தலையில் போடவில்லை. இதை விடுதலை என்று அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி போவாளா என்றுகூடத் தீர்மானிக்கவில்லை.

மாணவிகளே, நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. தொட வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் நம் தட்டுக்கும், நம் பாதுகாப்புக்கும், எல்லையில் நிற்கும் நம் அமைதிக்கும் பின்னால் யாரோ நமக்காகச் செய்துகொண்டிருக்கும் வன்முறை உண்டு. அதை நாம் செய்யவில்லை என்பது உண்மை. அது நம் பெயரில் நடக்கிறது என்பதும் உண்மை. பெண்ணுக்கு வன்முறையில் பங்கில்லை என்று நமக்குச் சூட்டப்பட்ட மென்மை, பல நேரங்களில் நம்மைக் கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்கியிருக்கிறது. அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேட்போம். எது, யாரால், எவ்வளவு, எந்த எல்லைவரை என்று. பதில் கேட்ட பிறகு சிலர் தட்டை நகர்த்திவைப்பார்கள், சிலர் கத்தியைத் தாங்களே எடுப்பார்கள். இரண்டுமே தெரிந்து செய்ததாக இருக்கும்.